அருள் இறங்கிய கை

27.7.1961, வியாழன்

நாளை பால்குடம். விரதம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். அதிலும் அத்தை மிளகாய் அரைக்கச் சொல்கிறார். அம்மியில் நாலு இழுப்பு இழுத்ததும் வழக்கம்போல் கை கல்லாகிவிட்டது. சற்று உட்கார்ந்துவிட்டு மெல்ல ஆரம்பித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அரைப்பேன். யார் நம்புகிறார்கள்? “சோம்பேறிக் கைடி உனக்கு.” அத்தை தினமும் ஓதுகிற மந்திரம் இது. ஓதட்டும்.

28.7, வெள்ளி

எழுத முடியவில்லை. விரல் நீளவில்லை.

29.7, சனி

உறுமி வேகமெடுத்ததும் பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. குடத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன். காஜா பேராங் சாலை திரும்புவதற்குள் இரண்டு கையும் குடத்தைப் பிடித்தபடியே பூட்டிக்கொண்டன. தொடையும் இறுகிவிட்டது. வலி பொறுக்காமல் அலறினேன்.

“ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ கத்த, அவ்வளவுதான். சாம்பிராணி, வேப்பிலை, காலில் விழுகிற பெண்கள். “கை வலிக்குது, குடத்த எறக்குங்க” என்றுதான் கத்தினேன். “ஆத்தா பாரம் தாங்கலங்கிறா, இன்னும் வேகமா அடிங்கடா” என்று பொருள் சொன்னது யார்? என் அத்தை! தினமும் என்னைத் திட்டுகிறவர் என் காலில் விழுந்து குறி கேட்கிறார்!

சிறுநீர் கறுப்புக் கோப்பி நிறத்தில் போகிறது. ஐயோ, செத்துவிடுவேனா?

30.7, ஞாயிறு

ஆஸ்பத்திரி. “ஆத்தா எறங்குன உடம்புல ஊசி போடுவாங்களாடா?” என்று அத்தை வாசலை மறித்தார். என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் குரல் உயர்த்தி இன்றுதான் பார்க்கிறேன்.

5.8, சனி

சிறுநீர் தெளிந்துவிட்டது. ஆனால் தலை சுற்றுகிறது, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு.

யாழ்ப்பாணத்துக்காரர். கையில் பட்டையைக் கட்டி, ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி ரத்தம் எடுத்தார். தசை கடுமையாக வேலை செய்தால் ரத்தத்தில் ஒரு புளிப்பு ஏறுமாம். எனக்கு ஏறவே இல்லையாம்! மெல்ல நடக்க உதவும் தசை நார் வேறு, சட்டென்று தூக்க, ஓட உதவுவது வேறு. கோழியின் காலும் நெஞ்சும் போல. சட்டென்று வேலை செய்யத் தசைக்குள் சேர்ந்த சர்க்கரையை உடைக்க வேண்டும். உடைக்கிற என்சைம் எனக்குப் பிறவியிலேயே இல்லை போலிருக்கிறது என்கிறார்.

“பழகப் பழக வராதா டாக்டர்?” என்றேன்.

மற்ற என்சைம்கள் பழக்கத்தில் கூடுமாம். இது மட்டும் எத்தனை பழகினாலும் வராதாம். மெல்ல நடக்கலாம். பட்டினியோடு பாரம் தூக்கவே கூடாது. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

அப்போ நான் சோம்பேறி இல்லை. இத்தனை வருஷமாக நான் சோம்பேறி இல்லை!

“கூடப் பிறந்தவங்கள்ல ஆருக்கும் இப்பிடி வந்ததோ?” இல்லை என்றேன்.

6.8, ஞாயிறு

ஏன் இல்லை என்றேன்?

ஜெயா அக்கா. எஸ்டேட் கோயிலில் பால்குடம் எடுத்தபோது அருள் வந்தது, ஆத்தா தன்னோடு அழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. கடைசியில் அவளுக்குச் சிறுநீரே போகவில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னது நினைவுக்கு வருகிறது. அவளைக் கன்னித் தெய்வமாக வைத்து, அம்மா வெள்ளிதோறும் படைக்கிறாள். அம்மாவுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது.

எப்படிச் சொல்வேன்? வாயைத் திறக்கக் கூடாது.

10.8, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்தேன். டாக்டரம்மா சொன்னதை இவர் தன் அம்மாவிடம் விளக்கிவிட்டார். குறி கேட்க வந்த பெண்ணிடம், “இங்க ஆத்தா இல்லம்மா, நோவுக்காரிதான் இருக்கா” என்று அத்தையே சொல்லி அனுப்பினார். எனக்குச் சீனித் தண்ணீர் கலந்து கொடுக்கிறார். நம்ப முடியவில்லை.

மாலையில் அம்மா வந்தாள், தங்கை கோகிலாவோடு. கோகிலா மஞ்சள் பாவாடையில் இருந்தாள். “ருக்கு, நீ பொழச்சு வந்ததுக்கு நேர்த்திக்கடன். நாளைக்கு இவ பால்குடம் எடுக்கிறா. நேத்தையிலிருந்து பட்டினி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோகிலாவும் மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்பவள்தானே!

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெயா அக்கா பெயரையும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். பிறகு கோகிலாவிடம், “போயி சோறு தின்னு” என்றாள். அவள் உள்ளே போனதும் என்னிடம் திரும்பினாள்.

“ஜெயாவும் கை வலிக்குதும்மான்னுதான் கத்துனா, ருக்கு. நாந்தான் கீழ விழுந்து கும்புட்டேன்.”