தரையில் நின்ற ஹெலி

கற்பிட்டி
12.08.1999

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் மகள் பரீனாவும் நானும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் எழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அது தெரிந்தும் இந்த மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. லீவு கிடைக்காவிட்டால் போகட்டும், ஒரு முத்திரை கூடவா கிடைக்கவில்லை?

இங்கே வெங்காயம் கிண்டி முடிந்துவிட்டது. இந்த முறை காய் சிறிசு. நேவிக்காரர் கடலுக்குப் பாஸ் கொடுப்பதை மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். அதனால் சந்தையில் மீன் இல்லை, கதைதான் இருக்கிறது.

முக்கியமான செய்தி, என் தம்பி ரஸாக்கை வன்னியில் ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் இரண்டு நாள் வீட்டில் நின்றான். உம்மா அழுதுகொண்டே இருந்தா. அவன் சிரித்தான். "எதுக்கும்மா அழுவுறீங்க? மச்சான்ட ஹெலி மேலால நிக்கும் தானே" என்றான். கடலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் திரிந்தவன் உங்கள் விமானப்படை உடுப்பைப் பார்த்துத்தான் ஆமியில் சேர்ந்தான். அதற்காக உம்மா உங்களைக் குறை சொல்வதில்லை. நான்தான் சில நேரம் மனதுக்குள் சொல்வேன். கோபிக்காதீர்கள்.

அந்தப் பக்கம் உங்கள் ஹெலிகொப்டர் போனால் அவனைப் பாருங்கள். கருவாட்டுப் பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பாதி உங்களுக்கு, பாதி அவனுக்கு. முழுவதையும் நீங்கள் சாப்பிட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள்
ஸக்கியா

*

முகாம்
03.09.1999

என் அன்பு ஸக்கியாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உன் கோபத்தையும் கருவாட்டையும் சேர்த்தே பெற்றுக்கொண்டேன். இரண்டும் நல்ல காரம்.

இதைத் தபாலில் போடவில்லை. லீவில் போகும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். தமிழில் எழுதிய கடிதம் என்றால் இங்கே பிரித்துவிடுகிறார்கள். பிரித்தபின் வாசிக்கத் தெரியாமல் என்னிடமே கொண்டுவந்து மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். ஜூலையில் நீ எனக்கு எழுதியதை நானே அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தது. வெட்கமாகப் போயிற்று. நான் எழுதாததற்கு அதுதான் காரணம்.

ரஸாக்கைப் பார்த்தேன். சாமான் கொண்டுபோன ஹெலியில் மெக்கானிக்காக நானும் ஏறினேன். கொஞ்ச நேரம்தான் தரையில் நின்றோம். கறுத்துப்போய் இருக்கிறான், ஆனால் சுகம். கருவாட்டை மணந்து பார்த்துவிட்டு, உன்னை நினைத்து, "ராத்தாட கைதான்" என்றான். பிறகு என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு விஷயம் சொன்னான்.

அந்த முகாமில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மாடு தேடி வந்த ஒரு மனிதர், காட்டு ஓரத்தில் இரவிரவாக டிராக்டர்கள் ஓடுகின்றன, இயக்கக்காரர் பதுங்குகுழி வெட்டுகிறார்கள் என்று காவலரணில் சொல்லியிருக்கிறார். ரஸாக் மொழிபெயர்த்தான். அவனுடைய அதிகாரி நல்லவர், உடனே மேலே அறிவித்தார். "வதந்திகளை நம்பவேண்டாம்" என்று பதில் வந்ததாம். "மச்சான், அந்தாள் பொய் சொல்லல்ல. எனக்குக் கண்ணப் பாத்தா தெரியும்" என்றான். ஜெட் விமானம் ஒன்று வந்து குண்டு போட்டதையும் சொன்னான். குண்டு குளத்தில் விழுந்து மீன்தான் மிதந்ததாம். தாழப் பறந்தால் ஏவுகணை வரும், அதனால் ஜெட்கள் உயரத்திலேயே நிற்கின்றன. இங்கே விழுத்து, அங்கே விழுத்தாதே என்று கீழே நிற்பவனால் மேலே இருப்பவனிடம் நேரே சொல்ல வழியில்லை.

டிவி அணிவகுப்பில் ஹெலிகளைப் பார்த்துப் பரீனா கைதட்டினாள் என்றும் ரஸாக் சொன்னான். தட்டட்டும். காலைக் கூட்டத்தில் தயார் என்று சொல்லப்படும் ஹெலிகள் வேறு, உண்மையில் பறப்பவை வேறு. ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றதுக்குப் பூட்டுகிறோம். உறுப்புக் கழற்றப்பட்ட ஹெலியும் கூட்டத்தில் தயாராகவே நிற்கும். தயாரில்லை என்று உள்ளதைச் சொன்ன அதிகாரி ஒருவரை மாற்றிவிட்டார்கள். அதன்பின் எல்லாமே தயார்.

இதை வாசித்ததும் கிழித்துவிடு. உம்மாவிடம் அவன் சிரித்ததை மட்டும் சொல்.

உன்
மக்பூல்

*

கற்பிட்டி
05.11.1999

மச்சான்,

நீங்கள் தொலைபேசிக் கடைக்குப் போன் எடுத்து, ரஸாக்கின் தொடையில் காயம் என்று சொன்னபோது என் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்றும் கேட்க முடியவில்லை. வெங்காய லொறி ஓட்டும் ஹயாத்து முகம்மது காக்கா உங்கள் பக்கம் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முகாமைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கதை. வானொலியைப் போட்டால் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். கட்டுப்பாட்டில் இருந்தால் காயக்காரரை ஏன் இன்னும் எடுக்கவில்லை? நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். உங்கள் கையால் பூட்டிய ஹெலிதானே போகவேண்டும்? யாருடைய காலில் விழவேண்டுமென்றாலும் விழுங்கள். எனக்காக நீங்கள் ஒன்றும் கேட்டதில்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன்.

உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்புவதே இல்லை. அவன் பெயரும் உங்கள் பெயரும்தான் அவவின் வாயில்.

ஸக்கியா

*

முகாம்
27.11.1999

அன்பு ஸக்கியா,

ரஸாக்கின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்து இரண்டு நாள் உன் முன்னால் இருந்தேன். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னபோது உம்மா என்னைத்தான் பார்த்தா. அந்தப் பார்வையோடுதான் பஸ் ஏறினேன்.

காயக்காரரை எடுக்க அன்று மாலை போகவேண்டிய ஹெலி பழுதாகிவிட்டது. இரவு அவனுடைய முகாம் விழுந்துவிட்டது. அல்லாஹ்வின் நாட்டம் அப்படி இருந்தது. வேறு எதைச் சொல்லி உன்னைத் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு விசாரணை நடக்கிறது. அதனால் லீவு இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. பரீனாவைப் பார்த்துக்கொள்.

உன்
மக்பூல்

*

கற்பிட்டி
19.12.1999

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று பகல் ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. சிலாபத்துப் பக்கமிருந்து ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. கையில் கேக் பெட்டி. எங்களைப் போலவே தமிழ் பேசினா. பெயர் றோசமேரி. தன் கணவர் உங்கள் முகாமில் ஹெலி ஓட்டும் விமானி என்றா. தம்பியின் மௌத்துக்குத் துக்கம் கேட்க வந்தாவோ என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "ஒங்கட மாத்தயா மக்பூல் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கி அப்பா இல்ல. எல்லாரும் போ போன்னு சொல்லக்குள்ள அவர் ஒராள்தான் இது பறக்கக் கூடாதுன்னு மறிச்சு நின்டாராம். எந்த எடத்துக்குப் போகவேண்டி இருந்திச்சின்னு எனக்குத் தெரியாது. அவர் சொல்ல மாட்டாரு" என்றா.

எனக்குத் தெரிந்தது, அது ரஸாக்கை எடுக்கப் போகவேண்டிய ஹெலி. எந்த நாள், எந்த இடம் என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை.

அவ ஒரு பாவமும் அறியாதவ. தேத்தண்ணி கொடுத்தேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், அது என் முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடியது. உம்மா உள்ளே இருந்து, "யாரு புள்ள?" என்று கேட்டா. "அவர்ட கூட்டாளிட வீட்டுக்காரி" என்றேன். கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மச்சான், பழுதாகிவிட்டது என்று எழுதினீர்கள். அது எப்படிப் பழுதானது, யார் நிறுத்தினார்கள், அன்று மாலை என்ன நடந்தது என்று எனக்கு முழுக்க எழுதுங்கள். என் மனதை நினைத்துக் குறைத்து எழுதவேண்டாம்.

ஸக்கியா

*

முகாம்
29.12.1999

ஸக்கியாவுக்கு,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன்.

ஹெலியின் வாலில் இருக்கும் சின்ன விசிறியைப் பிடித்து நிற்கும் உலோகத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒக்டோபரிலேயே அதைக் கண்டு சொன்னேன். புது உறுப்பு வந்தது, ஆனால் வேறு மாடலுக்கானது. பொருந்தவில்லை. கூட்டத்தில் அந்த ஹெலி தொடர்ந்து தயார் என்றே சொல்லப்பட்டது. உண்மையில் பறக்கக்கூடிய ஹெலி அன்று தெற்கே ஒரு திறப்பு விழாவுக்குப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பிவர மேலிடத்தின் அனுமதி வேண்டும், அனுமதி தருபவர் விழாவில் இருந்தார்.

பிற்பகலில் காயக்காரரை எடுக்கக் கட்டளை வந்தது. வெடிப்பு அகன்றிருந்தது. "ஒரு தடவைதானே, கையெழுத்துப் போடு" என்றார் எங்கள் அதிகாரி. றோசமேரியின் கணவர் வந்து, "மக்பூல், நீ இதில் ஏறுவாயா?" என்று கேட்டார். அதில் நான் ஒருவன் மட்டும் போகலாம் என்றிருந்தால் ஏறியிருப்பேன். அல்லாஹ் அறிவான். ஆனால் அதில் நான்கு பேர் போகவேண்டும். திரும்பும்போது காயக்காரர் நிரம்பியிருப்பார்கள், ரஸாக்கும் இருப்பான். வழியில் அந்த விசிறி கழன்றால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஏறமாட்டேன் சேர் என்றேன். அவர் ஹெலியில் ஏறாமல் திரும்பிவிட்டார்.

கடிதத்தை இதோடு முடித்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். நீ குறைத்து எழுதாதே என்றாய்.

பிறகு தரைப்படை ரேடியோ அறைக்குப் போனேன். ரஸாக்கைப் பற்றி அறியத்தான். ரஸாக்கின் முகாம் அதிகாரியின் குரல் ரேடியோவில் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. "ஹெலி வருமா, வராதா என்று மட்டும் சொல்லுங்கள். வராவிட்டால் காயக்காரரை இப்போதே டிராக்டரில் ஏற்றிக் குளக்கட்டுப் பாதையால் அனுப்புகிறேன். இருட்டினால் அந்தப் பாதையும் இல்லை" என்றார். அங்கே நின்ற எங்கள் அதிகாரி என்னைப் பார்த்தார். ஹெலி கிளம்பிவிடும் என்று மேலிடத்துக்கு அவர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். மைக்கை எடுத்து, "வரும்" என்றார்.

அவர்கள் காயக்காரரை வெட்டவெளியில் கொண்டுவந்து படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் வரும் என்றார். இருட்டிவிட்டது.

நான் பக்கத்தில் நின்றேன்.

விசாரணையில் பிழை என்மேல். ஹெலி தயாராகத்தான் இருந்தது, மெக்கானிக் வேண்டுமென்றே தாமதித்தான் என்கிறார்கள். நீ தமிழ் பேசுகிறவன், யாருக்காக இதைச் செய்தாய் என்று கேட்டார்கள். என் மனைவியின் தம்பி அந்த வெளியில்தான் கிடந்தான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டார். அதை எழுதவில்லை.

உன் வாசலுக்கு எப்படி வருவது என்று தெரியவில்லை. நீ வா என்றால் வருவேன்.

மக்பூல்

*

கற்பிட்டி
16.01.2000

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடற்கரையில் போய் உட்கார்ந்து வாசித்தேன். வீட்டில் வாசித்தால் உம்மா என் முகத்தைப் பார்த்துவிடுவா.

உங்கள்மேல் அவர்கள் சந்தேகப்பட்டது அநியாயம். அதை நினைத்தும் அழுதேன். ஹெலியை நிறுத்தியதற்காக உயிர் உள்ளவரை ஒரு நாளும் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் நான். அது தகப்பனோடு இருக்கட்டும். நீங்கள் செய்தது சரி. அதிகாரிக்கு முன்னால் நின்று முடியாது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் துணிவு கொஞ்ச நேரம் கழித்து எங்கே போனது மச்சான்? வராது என்ற ஒரு சொல். மைக்கை எட்டிப் பறித்துச் சொல்லியிருந்தால் உங்களை அடித்திருப்பார்கள், சிறைக் கூட்டில் போட்டிருப்பார்கள். ரஸாக் டிராக்டரில் ஏறியிருப்பான். வழியில் செத்திருக்கலாம் என்றும் யோசித்தேன். இருக்கலாம். ஆனால் போகவா நிற்கவா என்று தீர்மானிக்க அவர்களுக்கு உண்மை வேண்டியிருந்தது. அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர். நீங்கள் சும்மா நின்றீர்கள்.

பிறகு இங்கே வந்தும் அப்படியே நின்றீர்கள். என் பக்கத்தில் இருந்து, என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்து, ஒன்றும் சொல்லாமல் போனீர்கள். பழுது என்று எழுதினீர்கள். அந்தப் பெண் வராவிட்டால் நான் கிழவியாகும்வரை பழுது என்றே நம்பியிருப்பேன்.

உம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவா. ஐந்து வேளையும் உங்களுக்காகத் துஆக் கேட்கிறா. அவவின் மன்னிப்பை நீங்கள் வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பரீனா உங்கள் மகள். லீவு கிடைத்தால் குறிஞ்சிப்பிட்டியில் உங்கள் ராத்தா வீட்டில் நில்லுங்கள், பிள்ளையை அனுப்பி வைக்கிறேன். அவளிடம் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன், ஏனென்றால் நீங்கள் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் போகட்டும், மனம் ஆறட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் நீங்கள் ஒவ்வொரு தபாலையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் ஆறாது. நான் கூப்பிடமாட்டேன். என்னை எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

ஸக்கியா