சுவரை ஏன் உடைக்க விடவில்லை

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்த வாரம் அந்தச் சொல்லை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. அப்பாவின் காயம் ஆறி வருகிறது, கட்டு மாற்ற வருகிற நர்ஸ் நேற்றுப் பார்த்துவிட்டு நல்ல தோல் வந்துவிட்டது என்றாள், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, அந்த மட்டில் நிம்மதி. புதன்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். உன்னைப் பெற்ற நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. அதற்கப்புறம் நீ நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லையடா. எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், கடைசியில் சரி என்று சொல்லிவிடுவேன், அந்தப் பயம்தான். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் உன் தங்கை இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மதியம் அப்பா விழுந்துவிட்டார். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன், போய் வர இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால் கட்டில் காலி, சக்கர நாற்காலி பின்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவர் பின்பக்கம் குளியலறைக்கு இறங்குகிற மூன்று படியில் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், முழங்கை உரிந்து ரத்தம் சட்டையில் ஒட்டியிருக்கிறது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிடக் கூடாதா என்று கத்தினேன். "சத்தம் போடாத, கையைக் குடு" என்றார், அவ்வளவுதான். வெறும் சிராய்ப்புதான், பயப்படாதே. ஆனால் இன்னொரு தடவை விழுந்து, ஆறி வருகிற கால் அடிபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். அதனால் சாமான் அறையைக் கழிப்பறையும் குளியலறையுமாக மாற்றுகிற வேலையை உடனே தொடங்கச் சொல்லி மேஸ்திரியிடம் நான்தான் கெஞ்சினேன். நிறுத்தினவளும் நான்தான். இரண்டையும் செய்த எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நீ நினைத்திருப்பாய்.

புதன்கிழமை காலையில் எட்டு மணிக்கே மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். அவருக்கு உன் தங்கை ஆமாம் மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறாள், எதைக் கேட்டாலும் "ஆமாம்மா, பண்ணிடலாம்மா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை. நீ அனுப்பின வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சாமான் அறைக்கும் நடுவே உள்ள சுவரில் கதவு வரப்போகிற இடத்தைச் செங்கல் துண்டால் கோடு போட்டார். ஆட்கள் சம்மட்டியைக் கீழே வைத்த சத்தத்தில் அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு வாரமாக அவர் அப்படித்தான், கேட்டால் பதில், கேட்காவிட்டால் சுவர். நான் சும்மா இருக்க மாட்டாமல் மேஸ்திரியிடம், கழிவுக் குழாய் எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்டேன். "உடைச்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்மா." கதவு எந்தப் பக்கம் திறக்கும்? "அதுவும் உடைச்சுட்டா தெரிஞ்சிடும்மா." சரி, மாடியில் உன் அறை இந்தச் சுவரின் மேல்தானே நிற்கிறது? "ஆமாம்மா" என்றார், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகு அவரே ஒரு தரம் மேலே அண்ணாந்து பார்த்தார். அதைப் பார்த்ததும் கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு உனக்குப் போன் போட்டேன். நீ ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். எல்லாம் வரைந்து கொடுத்தாயிற்று, இப்போது விட்டால் இந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவான், இரண்டு மாதத்துக்குக் கிடைக்க மாட்டான் என்றாய். அது வரைக்கும் சரி. அப்புறம், "உனக்கு என்னம்மா தெரியும் கட்டடத்தப் பத்தி" என்றாய் பார், அங்கேதான் போனை வைத்தேன்.

நீ சொன்னது நிஜம்தான், எனக்கு ஒன்றும் தெரியாது. செருப்பு வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடைக்கே திரும்பி வருகிறவள் நான், உனக்குத் தெரியாததா. ஒன்றும் தெரியாதவள் என்றுதான் இத்தனை நாளும் நீ சொன்னதற்கும் மேஸ்திரி சொன்னதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் துணியில் தப்பாகக் கத்தரி வைத்தால் சட்டைக்குப் பதில் தலையணை உறை தைத்துக்கொள்ளலாம், சுவரை உடைத்துவிட்டு என்ன செய்வது? ஆட்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது, வெளியே நின்று யாருக்கோ போன் பேச ஆரம்பித்தார். எனக்குப் பதற்றம்தான். குட்டி போன தடவை விட்டுவிட்டுப் போன சாக்பீஸ் டப்பா அலமாரியில் இருந்தது, அதையும் இஞ்சு டேப்பையும் எடுத்துக்கொண்டு உன் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து ஹால் தரையிலேயே முழு அளவுக்குப் போட்டேன். ஹாலிலிருந்து நேராகத் தெரியக் கூடாது என்று நீ ஒரு மறைப்புச் சுவர் போட்டிருந்தாயே அது, அதற்குப் பின்னால் மூன்றடி நடை, நடை முடிகிற இடத்தில் பக்கவாட்டில் இரண்டரை அடிக் கதவு. கதவுக்குச் சட்டம் வேறு வருமே என்று அதற்கும் இரண்டு பக்கமும் கழித்தேன். முட்டி வலியில் தரையில் தவழ்ந்து கோடு போட்டது பெரிய கூத்து. அப்புறம் நானே சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அந்தக் கோட்டுக்குள்ளே உருட்டிக்கொண்டு போனேன். நடையில் நுழைந்தேன், திருப்பினேன், கோட்டின் மேல் ஏறிவிட்டேன். பின்னால் வந்து மறுபடி திருப்பினேன், போய் அலமாரியில் மோதினேன்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "முன்னாடி மட்டும் பாத்துத் திருப்பினா இடிக்காம என்ன பண்ணும்? பின்சக்கரம் எங்க வருதுன்னு பாரு." நான் திரும்பிப் பார்த்தேன், எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நாழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், கண்ணெதிரே ஒருத்தி வண்டியைக் கொண்டுபோய் இடித்தால் பொறுக்குமா. "எறங்கு, நான் பாக்குறேன்" என்றார். அணைத்துப் பிடித்து உட்கார வைத்தேன். மெதுவாக நடைக்குள் போனார், நின்றார், தரையைப் பார்த்தார், பின்னால் எடுத்தார், ஒடித்தார், மறுபடி பின்னால். மூன்று தடவை. மூன்றாவது தடவை, கதவு வருகிற கோட்டில் என்னை நிற்கச் சொன்னார், சக்கரத்தைப் பிடித்திருந்த அவர் விரல் முட்டிகள் என் காலில் உரசின. "இந்த வளைவுல வண்டி திரும்பாது" என்றார். "ஒடம்பு நல்லா இருக்கும்போதே திரும்பாது. அவசரத்துல போறப்போ எப்படித் திரும்பும்?"

அதோடு நிறுத்தியிருந்தால் கதவை அகலமாக்கச் சொல்லி உனக்குப் போன் பண்ணியிருப்பேன். நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஹால்ல கட்டில் வேண்டாம். வர்றவங்க எல்லாரும் மொதல்ல கால் இருந்த எடத்தத்தான் பாக்குறாங்க. அதுக்கப்புறம்தான் என் மூஞ்சியப் பாக்குறாங்க. இதுல அவங்க உக்காந்திருக்கும்போது நான் அவங்கள தாண்டிக் கழிப்பறைக்குப் போகணுமா?" காற்று வரும், வெளிச்சம் வரும், ஆள் நடமாட்டம் இருந்தால் மனசு லேசாகும் என்று நீயும் நானும் உன் தங்கையும் சேர்ந்து பேசித்தானே கட்டிலை ஹாலில் போட்டோம். நாம் மூன்று பேரும் எத்தனை மணி நேரம் பேசியிருப்போம், டைல்ஸ் நிறம் வரைக்கும் பேசினோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையேடா. அவர் காதுபடவே, அவர் இல்லாத மாதிரி பேசினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்க்கக் கூடாது என்று சாக்பீஸ் துடைக்கிற சாக்கில் கீழே குனிந்துகொண்டேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு இன்றைக்கு வேலை இல்லை என்று சொன்னேன். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் அன்று முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாயங்காலம் உன் தங்கை தன்னோடு படித்த ஒரு பெண்ணை அழைத்து வந்தாள், கட்டட இன்ஜினியர், அதிகம் பேசாத பெண். மாடிக்குப் போய்ப் பார்த்தாள், கீழே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள், டார்ச் அடித்து மேலே ஒரு மயிரிழை விரிசலைக் காட்டினாள். நீ குறித்திருந்தது ஒன்பது இஞ்சுச் சுவர், மாடி அறையின் பாரம் முழுக்க அதில்தான் இறங்குகிறதாம். "முட்டுக் குடுக்காம ஒடைச்சிருந்தா என்ன ஆகும்னு சொல்ல மாட்டேன்மா, நீங்க பயந்துடுவீங்க" என்றாள். சொல்லாமலே பயந்தேன். அதே சாமான் அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் தடுப்புச் சுவர், எந்தப் பாரமும் இல்லை, அதில் மூன்றடிக் கதவு வைத்துக் கட்டிலைப் படுக்கை அறையில் போட்டால் அங்கிருந்து நேரே உள்ளே போய்விடலாம், திரும்பவே வேண்டாம், ஹாலில் இருப்பவர் கண்ணிலும் படாது என்றாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நேர் ரோடு" என்றார்.

மேஸ்திரி மறுநாள் தானாகவே வந்துவிட்டார். எங்கள் எல்லோர் முன்னாலும் அவரை உட்கார வைத்து இன்ஜினியர் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தரையை இதே மட்டத்தில் விட்டால் தண்ணீர் ஓடுமா என்று கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லம்மா, ஓடாது. நாலு இஞ்சு தூக்கணும்" என்றார். அந்த ஆள் வாயில் இல்லை என்ற சொல் வந்ததும் நானும் உன் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்ததே அந்த நிமிடத்தில்தான். நாலு இஞ்சு தூக்கினால் நாற்காலி எப்படி ஏறும் என்று அப்பா கேட்டார். கடைசியில் தரையை உயர்த்தாமல், உள்ளே தோண்டிக் குழாயைத் தாழ்வாகப் பதித்து வெளியே பக்கவாட்டில் இருக்கிற கழிவுத் தொட்டியில் விடுவது என்று முடிவானது. அதற்கு இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும். கதவு நகர்த்தித் திறக்கிற கதவு. தரை வழுக்காத தரை. சம்மட்டி விழுகிறதுக்கு முன்னால் முடிவான எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மேஸ்திரி படித்துக் கையெழுத்துப் போட்டார், அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். அது வரைக்கும் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கும் போகப்போவதில்லை, மருந்து உன் தங்கை வாங்கி வருகிறாள்.

இப்போது உன்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்குக் கால் எடுத்த அன்று உன்னால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை, நான் குறை சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ கண் விழித்து இந்த வரைபடத்தைப் போட்டாய், குழாய் மூடி வரைக்கும் வரைந்திருந்தாய். நீ எதை நினைத்துக்கொண்டு வரைந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. உன் தாளை நான் கிழிக்கவில்லை. அறை அதே அறைதான், உள்ளே நீ குறித்த இடங்கள் பாதிக்கு மேல் அப்படியேதான் இருக்கின்றன. மாறினது வாசல் மட்டும்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே முடிவு செய்யாமல் வைத்திருக்கிறேன். உள்ளே சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைக்க வேண்டும், எந்த உயரத்தில், எந்தக் கைப் பக்கம் என்று இன்ஜினியர் பெண் கேட்டாள். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது எனக்குச் செய்யாதே, அப்பாவுக்குச் செய். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று கேள். அவர் அளந்து சொல்லும் வரைக்கும் போனை வைக்காமல் காத்திரு. டேப்பை அவர் கட்டிலில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

மருமகளுக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் சர்க்கரை பார்த்துக்கொள், நாற்பதைத் தாண்டிவிட்டாய், இது நம் வீட்டு வியாதி. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

உன் மேல் கோபமே இல்லாத,
அம்மா