எடுக்காத சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி, மகன் வீட்டு மாடிப்படி, புது ஊர்த் தண்ணீர் எல்லாம் எப்படி என்று முதலில் முறையாகக் கேட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரருக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் மருந்தால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று நான் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

போன் செய்தால் உன் மகன் எடுத்து, 'அம்மா குளிக்கிறாங்க சித்தி' என்கிறான். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். இப்படிக் குளித்தால் ஜன்னி கண்டுவிடும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதம் உன் குளியல் முடியும்வரை காத்திருக்கும்.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், 'எல்லாரையும் சந்தேகப்படுறதுக்கு அவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க' என்பாயே, சரியாகத்தான் சொன்னாய். ஒரு மருந்தோ ஏற்பாடோ நிஜமாகவே பலன் தருகிறதா என்று பார்க்க, நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்கிறோம். டாக்டரின் விருப்பமோ நர்சின் இரக்கமோ உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சீட்டு. அந்தச் சீட்டில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

நம் ஆய்வு உனக்குத் தெரிந்ததுதான். இதய நோயோடு வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேரை ஒரு நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கே போய்ப் பார்ப்பாள். எடை கூடியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கவனிப்பாள். மறு பாதிக்கு வழக்கம்போல் மருந்துச்சீட்டும் வாழ்த்தும். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் வகுத்த ஆய்வுகளில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆய்வு செய்கிறவளுக்கு ஆசை இருக்கக் கூடாதாம்.

முடிவு வந்திருக்கிறது. மற்ற வார்டுகளில் வீட்டு வருகை நன்றாகப் பலித்திருக்கிறது. நீ ஓய்வு பெறும்வரை பொறுப்பில் இருந்த வார்டில் மட்டும் தலைகீழ். நர்ஸ் போய்ப் பார்த்தவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள். உன் வார்டு பெரியது என்பதால் மொத்தக் கணக்கையும் அது கீழே இழுத்துவிட்டது. 'பயனில்லை, நிறுத்திவிடலாம்' என்று எழுத ஆய்வுக் குழு தயாராக இருக்கிறது. வருகிற மாதக் கூட்டத்தில் கையெழுத்தாகிவிட்டால் அதற்குப் பிறகு எந்த நர்ஸும் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை.

முதலில் நான் சந்தேகப்பட்டது வருகைக்குப் போகும் பெண்ணை. போகாமலே போனதாக எழுதுகிறாளோ என்று நினைத்தேன். அவள் போகும் தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வேவு பார்த்தேன். பாவம், வெயிலில் பையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினாள். இறங்கி வந்தவள் நேராக என்னிடம் வந்து, 'மேடம், பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க' என்றாள். அடுத்துக் கணினியில் விவரம் ஏற்றுகிற பையனைச் சந்தேகப்பட்டேன். அவனை எத்தனை தடவை சரிபார்க்க வைத்தேனோ, இப்போது என்னைக் கண்டால் கழிப்பறைப் பக்கம் போய்விடுகிறான்.

அதற்குப் பிறகுதான் யார் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். உன் வார்டில் வருகை கிடைத்தவர்கள் எல்லாம் வயதானவர்கள், துணை இல்லாதவர்கள், படியேற முடியாதவர்கள். மாடியில் தனியாக இருந்த தையல்காரர், பார்வை மங்கிய ஓய்வுபெற்ற டீச்சர். வழக்கம்போல் அனுப்பப்பட்டவர்கள் பள்ளிக்கூட பஸ் டிரைவர் மாதிரி, வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர்கள். சீட்டுக்குக் கண் கிடையாது அக்கா. யார் வீட்டில் ஆள் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று அதற்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி நடுவில் இருந்திருக்க வேண்டும்.

உன் பழைய வார்டுக்குப் போனேன். நோயாளிக்கு ஒன்றாக வரிசையில் பிரிக்க, சீட்டை உள்ளே வைத்து நாங்கள் அனுப்பியிருந்த கவர்களில் மிச்சமிருந்தவற்றைப் புதிதாகப் பொறுப்பேற்றவள் எடுத்துக் கொடுத்தாள். ஒட்டியபடியே இருந்தன, ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அலுவலகத்தில் யாரோ சிக்கனம் பார்த்து மெலிந்த தாளில் வாங்கியிருக்கிறார்கள். ஒன்றை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். 'வருகை' என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. உன் மேசையும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தானே இருந்தது? அப்படியே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை நானாகக் குழுவில் சொல்ல முடியாது. ஆதாரமில்லாமல் ஒரு வார்டை விலக்கச் சொன்னால், தனக்குப் பிடிக்காத பதிலைக் குப்பையில் போடுகிறாள் என்பார்கள். நீ என் அக்கா என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பேசுவார்கள். கவரைத் தொட்ட ஒரே ஆள் நீ. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தாயா? நீ சொன்னால்தான் உண்டு. உன்னைக் காப்பாற்றுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உன் பெயர் வெளியே வரும். மாலை போட்டு உன்னை அனுப்பி வைத்த அதே ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது, அதே நேரம் உன் மடியில் படுத்துக்கொள்ள வேண்டும்போலும் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நம் இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்ன அன்று, சண்டை வேண்டாம், சீட்டுப் போடலாம் என்றாயே. நீ எழுதி மடித்தாய். நான் எடுத்தேன். என் பெயர் வந்தது. மீதிச் சீட்டைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டு டீ வைக்கப் போனாய். அடுத்த மாதமே நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தாய். எடுக்காத சீட்டையும் பிரித்துப் பார்த்தால்தான் குலுக்கல் நேர்மையானது என்று என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த அடுப்பு ஞாபகம் வந்தது. அதில் போட்ட சீட்டில் யார் பெயர் இருந்தது அக்கா?

சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோர இடமானாலும் புதுச் செருப்பானாலும் குலுக்கலில் எனக்கேதான் விழும். நான் அதிர்ஷ்டக்காரி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. முதல் கேள்விக்கு மட்டும் எழுதிவிடு அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். படியேற முடியாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

உன்னைச் சந்தேகப்பட்ட பாவத்தோடு,
உன் தங்கை


கேள்விப்பெட்டிக்கு,

அப்பா உனக்கு வைத்த பெயர் வீண்போகவில்லை. கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்கு மேல் வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே தெரிந்தது.

ஆமாம், பார்த்தேன். தையல்காரரிலிருந்துதான் ஆரம்பம். அவருக்கு எடுத்த கவரில் 'வழக்கம்' என்று தெரிந்தது. அந்த மனுஷன், 'வீட்ல யாரும் இல்லம்மா, செத்தாக்கூட வாடகை வாங்க வர்றவன்தான் கண்டுபிடிக்கணும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கவரை அடியில் செருகிவிட்டு, வருகை என்று தெரிகிற கவராகப் பார்த்து எடுத்தேன். அடியில் செருகியதைப் பஸ் டிரைவருக்குக் கொடுத்தேன். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே. ஒரு தடவை செய்த பிறகு கை நிற்கவில்லை. நல்லது என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எதற்குக் குலுக்கிக் கொடுக்க வேண்டும் என்று உன்னைக்கூட மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

இருக்கிறதிலேயே முடியாதவர்களை ஒரு பக்கம் சேர்த்தால் அந்தப் பக்கம்தான் சாவு அதிகமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, அந்த வருகைக்கே கொள்ளி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிஜமாகவே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன் குழுவுக்குக் காட்ட வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மகனிடமும் சொல்லிவிட்டேன். நேரில் கூப்பிட்டால் வருகிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும், எனக்கு இனி எந்த வார்டும் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. பார்த்தாயானால் உனக்கு நான் அக்காவே இல்லை.

அந்தப் பழைய சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எரிந்துபோனதைச் சாட்சிக்குக் கூப்பிட உன் படிப்பாலும் முடியாது. எனக்கு நர்ஸ் வேலை பிடித்துத்தான் இருந்தது, அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

கூட்டத்தன்று சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றில் பேசினால் உனக்குக் கை நடுங்கும். அன்றைக்கு அப்பாவுக்கு எதிரில் சீட்டெடுக்க வந்தபோதும் அப்படித்தான் நடுங்கியது. 'எதை எடுத்தாலும் ஒண்ணுதான், பயப்படாம எடு' என்று உன் காதில் சொன்னேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

நன்றாக இரு.

உன் அக்கா