பேராயரிடம் எடுத்த முதுமை

நவம்பர் 3, திங்கள்

மழை. விடிந்ததும் தெரியவில்லை, இருட்டியதும் தெரியவில்லை. ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் ரயில் பிந்தியது. இரண்டு விளக்கு, இரண்டு தாங்கி, கமராப் பை. படியேறி முடிவதற்குள் முதுகு போய்விட்டது.

புது வேலை இன்று தொடக்கம். ஆற்றுக்குத் தெற்கே, ஒரு தேவாலயத்தை ஒட்டிய பழைய மண்டபம். உள்ளே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர்கள், நூற்றாண்டு நூற்றாண்டாக, எண்ணெய் வண்ண ஓவியங்களாக. எல்லாரையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். வழக்கமாகச் செய்கிறவருக்குக் கை முறிவாம். பாரிஸில் இருந்தபோது ஓவியங்களைப் படமெடுக்கப் பழகியது இவ்வளவு காலம் கழித்து உதவுகிறது. கல்யாண வீடும் பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடும் எடுத்து அலுத்த கைக்கு ஒரு மாற்றம். இவர்களிடம் "கொஞ்சம் சிரியுங்கோ" என்று கெஞ்சத் தேவையில்லை.

பேராயர் என்று ஒவ்வொரு முறையும் எழுத முடியாது. இனி பே.

இன்று பே. 1 முதல் 9 வரை. எல்லா முகமும் ஒரே முகம். மனைவி சேலைக் கடைக்குள் இருக்க, வாசலில் காத்து நிற்கிற கணவனின் முகம்.

விளக்குகள் அசைவைக் கண்டால் எரிகிற ரகம். கமராவுக்குப் பின்னால் அசையாமல் நின்றால் நடைக்கூடம் இருட்டிவிடுகிறது. கையை ஆட்டினால் எரிகிறது. ஒருமுறை நான் அசையவே இல்லை, தூரத்து மூலை விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. படங்களுக்குப் பொறுப்பான ஹெலனிடம் சொன்னேன். "ஓ, அது அடிக்கடி" என்றார், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

மாலை அபியின் அழைப்பு. அண்ணன் மகள். தையில் கல்யாணம்.

"சித்தப்பா, அந்த ஃபோட்டோ?"

"செய்யிறன்."

"கார்ட் பிரின்ட் பண்ணுற ஆள் கேக்கிறார். அம்மா ஃபோட்டோ பாத்திட்டுத்தான் சொல்லுவாவாம்."

செய்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம். இன்னும் கை வைக்கவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

குளிர். மழை இல்லை. மதியம்: இடியப்பம், நேற்றைய சொதி, ஓவியங்களுக்கு வாசம் பிடிக்கக் கூடாது என்று வெளியே வாங்குப் பலகையில் அமர்ந்து.

ஹெலன் பேச்சுக்காரி. முதல் வரிசை முழுக்கக் கற்பனையாம். அந்தக் காலத்துப் பேராயர்களின் முகம் ஒருவருக்கும் தெரியாது. பல நூற்றாண்டு கழித்து ஓர் ஓவியர் அக்கம்பக்கத்தில் அகப்பட்டவர்களை இருத்தி வரைந்துவிட்டாராம். மூன்று பேருக்கு ஒரே கைகள். காட்டினார். உண்மைதான். அதே பெருவிரல்.

"அப்படியானால் இது இன்னார் என்று எப்படி நம்புகிறார்கள்?"

"உடுப்பு. கையில் கோல். கீழே பெயர்." தோளைக் குலுக்கினார். முகம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லையாம்.

அது எனக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இன்னும் சொன்னார். ஒருவரை அரசனுடைய ஆட்கள் கோயிலுக்குள்ளேயே வெட்டினார்கள். ஒருவரைக் கிளர்ச்சி செய்த குடியானவர்கள் இழுத்துப் போய்த் தலையை எடுத்தார்கள். உடல் ஓரிடத்தில், தலை இன்னும் வேறோர் ஊரில். ஒருவரை எரித்தபோது, தன் நம்பிக்கையை மறுதலித்துக் கையெழுத்துப் போட்ட கையைத் தானே முதலில் நெருப்புக்குள் நீட்டினாராம். அவரைப் படமெடுக்கும்போது அந்தக் கையில்தான் குவியம் வைத்தேன். சாதாரணக் கை.

இவ்வளவு கொடுமையிலும் எங்கே, எப்படி, யார் செய்தது என்று தெரிகிறது. கொடுத்துவைத்தவர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். என்ன நினைப்பு இது.


நவம்பர் 6, வியாழன்

வீட்டில். மழை. மண்டபத்தில் ஏதோ கூட்டமாம். அடுத்த பேராயர் ஒரு பெண் என்பதால் சுவரில் எந்த இடம் என்று அளக்கிறார்களாம்.

அண்ணனின் கடைசிப் படத்தைத் திறந்தேன். முப்பத்துநாலு வயது. அபியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதன் பிறகு யுத்தத்தின் கடைசி நாள். இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏறியதை அண்ணி பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் அப்போது பாரிஸில், தொலைபேசியோடு.

அண்ணி இன்னும் குங்குமம் வைக்கிறார். திவசம் செய்ததில்லை. கல்யாண அட்டையில் அண்ணன் பெயருக்கு முன்னால் திருவா, அமரரா? இந்த ஒரு சொல்லுக்காக அச்சுக்காரர் காத்திருக்கிறார். கல்யாண மண்டப வாசலில் வைக்கக் குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்று அபி சொன்னாள். அப்பா இப்போது எப்படி இருப்பாரோ அப்படி, பக்கத்தில். அண்ணி ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. "தம்பி செய்து காட்டட்டும். பாத்திட்டுச் சொல்லுறன்."

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் என்றால் மேல் மூலையில், சற்றுப் பெரிதாக, மாலையோடு. ஊரிலிருந்து வர விசா கிடைக்காமல் நின்றுபோன மாமா என்றால் வரிசையில், காலடியில் நிழல் போட்டு. எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருக்கிறேன். மூடிய கண்ணைத் திறந்திருக்கிறேன். பிரிந்துபோன மருமகனைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பூச்சாடி வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட யோசித்ததில்லை.

உடம்புக்கு என்னையே எடுத்தேன். பட்டு வேட்டி, சால்வை, வரவேற்பறைச் சுவர். மனைவி சுமதி கமராவைப் பிடித்தாள்.

"வயித்தை உள்ளுக்கு இழுங்கோ. அவருக்கு உந்த வயிறு வந்திராது."

இழுத்தேன்.


நவம்பர் 8, சனி

தலை பொருந்திவிட்டது. ஆனால் ஐம்பது வயது உடம்பில் முப்பத்துநாலு வயது முகம். பார்க்கப் பயமாக இருக்கிறது.

வயதாக்குகிற மென்பொருள்: சினிமாவில் வருகிற பெரியப்பா மாதிரி ஒருவர் வந்தார். அழித்தேன். அப்பாவின் முகம்: அண்ணன் அம்மாவின் சாயல், ஒட்டவில்லை. என் கன்னம்: நான் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அழித்தேன்.

பிறகு அதைச் செய்தேன். வெள்ளிக்கிழமை எடுத்த பே. 31. அண்ணனைப் போல நீள முகம், இடப் பக்கம் சாய்ந்த தலை, வாய் சற்றே திறந்து, ஏதோ சொல்ல எடுத்தவர் போல. கண்ணுக்குக் கீழே உள்ள சதை, நெற்றிக் கோடு, கழுத்து மடிப்பு எல்லாவற்றையும் எடுத்தேன். நிறத்தை மாற்றினேன். முடியை நரைக்க வைத்தேன்.

முகம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியாகக் காலடியில் நிழல்.

அண்ணன் வந்துவிட்டான்.

வேறு எப்படி எழுதுவது? திரையிலிருந்து என்னைப் பார்த்தான். கணினியை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தால் சுமதி தேநீரோடு திரைக்கு முன்னால். அவள் அண்ணனை நேரில் பார்த்ததே இல்லை, தொலைபேசியில்தான் பேச்சு. என் கதிரையில் இருந்தவள், பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததுபோல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.


நவம்பர் 10, திங்கள்

மூடுபனி. ரயிலில் எதிரே இருந்த முதியவரின் கண்ணுக்குக் கீழே அதே சதை. ஹரோவில் இறங்கிப் போனார். பின்னால் போகலாமா என்று கால் எழும்பியது. பைத்தியக்காரத்தனம்.

பே. 31ஐ மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, வெள்ளிக்கிழமைப் படத்தில் மூலையில் விளக்கின் மினுக்கம். மூன்று முறை எடுத்தேன், மூன்றும் கலங்கல். தாங்கி ஆடவில்லை, பார்த்தேன். என்னிடம் எதையோ பறிகொடுத்துவிட்டு நிற்கிற முகமாகத் தெரிந்தது. எடுத்தது நான்தானே. அசையாமல் நின்றதில் விளக்கு அணைந்தது. இருட்டில் நானும் அவரும். கையை ஆட்ட மனம் வரவில்லை, ஆட்டினால் அவரும் ஆட்டுவார் என்று தோன்றியது.

தூரத்து மூலை விளக்கு எரிந்தது. ஹெலன்தான். நல்லவேளை.

"இவர் என்ன ஆனார்?" என்று கேட்டேன். வெட்டா, நெருப்பா என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இவரா? ஒன்றும் ஆகவில்லை. வயதாகி, கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்கப் போனார். நல்ல சாப்பாட்டுப் பிரியர். சுவாரசியமில்லாத ஆள்."

மீதிப் பொழுது வேலை ஓடவில்லை. இவ்வளவு பேரில் என் கை போய் இவரைத்தான் தேடியிருக்கிறது.


நவம்பர் 15, சனி

காலையில் வெயில், பிறகு காற்று. சுமதியோடு நகரின் மறு கோடியில் உள்ள எட்மண்டனுக்கு, அண்ணி வீட்டுக்கு. பருத்தித்துறை வடை ஒரு பை, படத்தின் பெரிய பிரதி சுருட்டி.

மேசையில் விரித்தேன். நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பை.

அபி வாயைப் பொத்தினாள். "ஓ மை காட். அப்பா. சித்தப்பா, இது அப்பாவேதான்." அழுதாள், சிரித்தாள், தன் வருங்காலக் கணவனுக்குப் படமெடுத்து அனுப்பினாள். அண்ணன் போன அன்று அவளுக்கு ஆறு வயது. அவளுக்கு எந்த முகம் நினைவிருக்கும்? ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்லவில்லை, பெருமைகூட வந்தது.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம். ஒரு விரலால் வேட்டிக் கரையைத் தொட்டார், சால்வையைத் தொட்டார். முகத்தைத் தொடவில்லை.

"நல்லாச் செய்திருக்கிறீங்கள் தம்பி."

"கொஞ்சம் மாத்தலாம் அண்ணி. தலைமயிர் வேணுமெண்டா…"

"இல்லை. இவர்தான்." கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாச் சாப்பிட்டு, நல்லா நித்திரை கொண்ட மனுசன்."

கண்ணாடியை மடித்துப் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இவ்வளவு காலமும் எங்கையோ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து எழும்பியிருக்கிறார். முகத்தில தெரியுது. அப்ப ஏன் வரேல்லை?"

"அம்மா, அது ஃபோட்டோஷாப் அம்மா" என்றாள் அபி.

"தெரியும் பிள்ளை." குரல் உயரவே இல்லை. "உயிரோட இருந்தா இப்பிடித்தானே இருக்கவேணும்? உயிரோட இருந்து, என்னையும் உன்னையும் தேடாமல் இருந்தவர் எண்டுதானே வரும்? அந்த மனுசன் அப்பிடிப்பட்டவர் இல்லை. இருந்திருந்தா ஊர்ந்தெண்டாலும் வந்திருப்பார்."

சுமதி அண்ணியின் கையைப் பிடித்தாள். அண்ணி அதை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார். படத்தைச் சுருட்டினார், ரப்பர் போட்டார், என்னிடம் நீட்டினார்.

"அமரர் எண்டு போடச் சொல்லுங்கோ தம்பி. பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிற பழைய படத்தைப் பெருப்பியுங்கோ. மாலை போடலாம்."

அபி மாடிக்கு ஓடினாள். கதவு சாத்துகிற சத்தம்.

திரும்பி வரும்போது சுருள் என் மடியில். சுமதி காரை ஓட்டினாள். நான் ஒரு பெண்ணைத் தாலியை இழக்க வைத்திருக்கிறேன், அதுவும் நல்லது செய்யப் போய். நன்றாகச் சாப்பிட்டது பேராயரும் என் வயிறும். பழி அண்ணன் மேல். இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை?


நவம்பர் 17, திங்கள்

அச்சுக்காரருக்குச் சொன்னேன். அமரர். "எழுத்துச் சரியாப் பாருங்கோ அண்ணை, பிறகு மாத்த ஏலாது" என்றார்.

மண்டபம். பே. 31 ஒரே தடவையில் தெளிவாக விழுந்தது. ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. வேலை வியாழனோடு முடிகிறது.

பழைய படத்தைப் பெருப்பித்தாயிற்று. வெயில், சுருங்கிய கண், தோளில் அபி. மாலை போடவேண்டிய இடத்தில் அவளுடைய கால்கள் தொங்குகின்றன. கால்களை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மற்றதை அழிக்க வேண்டும். கணினியைத் திறந்தேன், மூடினேன். நாளைக்கு.


நவம்பர் 18, செவ்வாய்

தூறல். மதியம், ஆற்றங்கரை வாங்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணியின் அழைப்பு. அண்ணி என்னை நேரே அழைப்பதில்லை, எப்போதும் அபி மூலம்தான். பின்னால் பேருந்தின் மணிச்சத்தம், வேலைக்குப் போகிற வழி போலும்.

"தம்பி, அந்தப் படத்தை அழிச்சுப்போட்டீங்களோ?"

"இல்லை அண்ணி. இண்டைக்கு அழிக்கிறன். பயப்பிடாதேங்கோ."

"அழிக்க வேண்டாம்."

பேருந்து நின்று புறப்படுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்டு அனுப்புங்கோ. சின்னனாப் போதும். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்."

"ஓம் அண்ணி."

"முகத்தைக் கொஞ்சம் மெலிய வையுங்கோ. கன்னம் ஒட்டினமாதிரி. நித்திரையில்லாத ஆள் மாதிரி, என்ன? வர ஏலாமல் இருந்த ஆள் மாதிரிச் செய்யுங்கோ."

ஓம் என்றேன். ஹெலனிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இருக்கிறேன். கன்னத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.