மலைக்கிடாவின் திமிர்

அக்டோபர் 6, பிஷ்கெக்

ஐச்சுரெக் அக்கா இயக்கும் அனிமேஷன் படத்துக்காக மெடெரும் நானும் ஆளுக்கொரு மலைக்கிடாவைக் கணினியில் செதுக்கினோம். என்னுடையது தேறியது. "இந்த மூஞ்சில இருக்கிற திமிருதான் எனக்கு வேணும், கெரிம். வெள்ளிக்கிழமை தயாரிப்பாளருங்க வர்றாங்க, அதுக்குள்ள கொம்பு வரியெல்லாம் போட்டு முடி. அன்னிக்கு இந்தத் திமிர் இல்லேன்னா மெடெரோட கிடாதான்" என்றார் அக்கா. சொன்னால் செய்வார். மெடெர் உலர்ந்த தயிர் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். கல்லைக் கடிப்பதுபோல் சத்தம். நாள் முழுக்க எனக்கு எதிரில் இதே சத்தம்தான்.

அக்டோபர் 7

கொம்பில் வரிகள் விழமாட்டேன் என்கின்றன. சின்ன உருண்டையிலிருந்து இழுத்து இழுத்தே கொம்பைச் சுருட்டியிருந்தேன். உருவம் என்பது கட்டங்களால் ஆன வலைதானே. இழுத்த இடத்தில் கட்டங்கள் நூடுல்ஸ்போல் நீண்டு கிடக்கின்றன. கீறினால் பிசிறு பிசிறாகக் கிழிகிறது.

அக்டோபர் 8

வலை முழுவதையும் ஒரே அளவுக் கட்டங்களாகத் திரும்பப் பின்னினேன். கொம்பு அருமை. முகம்? சுருக்கமெல்லாம் அழிந்து மழமழவென்று — மலைக்கிடா போய், சோப்பு விளம்பரக் குட்டி வந்து நிற்கிறது! பழைய உருவத்தின்மேல் புதிய வலையை ஒரேயடியாகப் படியவைத்துப் பார்த்தேன். மேல் இமை கீழ் இமையோடு ஒட்டிக்கொண்டது. உதட்டிலிருந்து முள் முள்ளாகக் கிளம்பியது. ஐயோ, என்ன செய்து தொலைத்தேன்? பழையது பத்திரமாக இருக்கிறது, அந்தமட்டில் புண்ணியம். நாளை மறுநாள் வெள்ளி.

அக்டோபர் 9

மெடெர் எட்டிப் பார்த்தான். "என்னடா, கிடாவுக்குக் கண்ணுல கட்டியா?"

"போடா. நீதான் ஜெயிக்கப்போற, சிரி."

"இந்த மூஞ்சி கெட்டு நான் ஜெயிச்சு என்னடா பிரயோஜனம்? தள்ளு."

நாற்காலியை இழுத்துப் போட்டான். பழைய உருவத்தைத் தொடவே இல்லை. புதிய வலையை மிகக் குறைந்த கட்டங்களுக்கு இறக்கினான். இமையையும் உதட்டையும் அசையாதபடி பூட்டிவைத்துவிட்டு, மீதியைப் பழையதன்மேல் படியவைத்தான். கட்டங்களைப் பெருக்கினான். மறுபடி படியவைத்தான். "அவசரப்படாத. மொதல்ல எலும்பு உக்காரட்டும், அப்புறம் தோலு, கடைசிலதான் சுருக்கம்." இமைகளையும் உதட்டையும் மட்டும் கையாலேயே இழுத்துப் பழைய முகத்தோடு பொருத்தினான்.

ஒவ்வொரு படியிலும் என் கிடா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மூக்கின் அந்தக் கோணல்கூட! தன் கிடாவைத் தோற்கடித்த முகத்தை இவ்வளவு அக்கறையாக யார் மீட்டுத் தருவார்கள்? நானாக இருந்தால்... தெரியவில்லை. என்ன கை, என்ன மனசு!

அக்டோபர் 10

தேறிவிட்டது. திமிர் அப்படியே இருக்கிறது. மெடெர் செய்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். "சொல்லித் தொலைச்சியா" என்று முனகினான்.

அக்டோபர் 18

அக்கா வீட்டில் விருந்து. வேகவைத்த ஆட்டுத்தலையை மரியாதையாக என் முன்னால் வைத்தார். "உன் கிடா, நீயே அறு." காதுகள் குழந்தைகளுக்குப் போயின. ஒரு கண்ணை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை மெடெரிடம் நீட்டினேன்.

"டேய், கண்ணைக் குடுத்தா அடிக்கடி பாக்க ஆசைன்னு அர்த்தம். தெனமும் எதிர்லதானே உக்காந்திருக்கேன், போதாதா?"

"போதாது. சாப்பிடு."

வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். சத்தமே இல்லாமல் மென்றான்.