நீலப் பக்கத்தில் உன் படம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன், ஏனென்றால் நீ போனில் சொல்லும் நல்லா இருக்கேம்மா வைக்கட்டா என்பதிலிருந்து ஒரு சேதியும் எடுக்க முடிவதில்லை. போன் என்றால் நீ வைத்துவிடுவாய், கடிதம் என்றால் மடித்துப் போட்டாலும் உன் மேஜைமேல் கிடக்கும். அதனால்தான் கடையில் துணி அளவு குறிக்கும் பேனாவை எடுத்து எழுதுகிறேன், மை திட்டுத்திட்டாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சின்னவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை பாலர் பள்ளியில் விடுகிறோம். விண்ணப்பம் வாங்கப் போன அன்று மேஜையில் இருந்த பெண் என்னைப் பார்த்து பாட்டி, குழந்தையோட அம்மா வரலையா என்று கேட்டாள். வந்திருக்கா, உன் எதிர்லதான் நிக்கிறா என்றேன். அவள் தலையை மேஜைக்குள்ளேயே விட்டுக்கொண்டாள், உன் அப்பா பாட்டுக்குச் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். நாற்பத்தைந்தில் பிள்ளை பெற்றவள் இதற்கெல்லாம் கூசினால் ஆகுமா. நீ கூசினாய், அதை நான் மறக்கவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் நாலு பேர் முகத்தைப் பார்க்க முடியும். அவனுக்கு நாலு மாதம் ஆனபோது வேலை கிடைத்ததென்று வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டினாய், அப்புறம் வரவில்லை, அவனைக் காட்டு என்று போனில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. சரி, கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கு அனுப்புமுன் வீட்டிலேயே பழக்குங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். செருப்பைத் தானே மாட்ட வேண்டும், ஒண்ணுக்கு வந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும், தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திருக வேண்டும். இதெல்லாம் பத்து நாளில் படிந்துவிட்டது, மூடியைத் திறக்கத் தெரிந்தவனுக்கு மூடத்தான் தெரியவில்லை, வீடெல்லாம் தண்ணீர். முக்கியமானது பிரிவுக்குப் பழக்குவதாம். வெளியே போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பது குழந்தைக்குக் கண்ணால் தெரிய வேண்டும், ஒரு பலகை செய்து வீட்டில் எல்லார் படத்தையும் ஒட்டுங்கள், போகும்போது ஒரு பக்கம், வந்ததும் மறு பக்கம் மாற்றுங்கள் என்றார். நான்தான் திரைச்சீலைக் கடையில் இருக்கிறேனே, வெட்டி மிச்சமான வெல்வெட்டில் பாதி காப்பிக் கொட்டை நிறம், பாதி நீலம் என்று வைத்துத் தைத்தேன். காப்பி நிறம் வீடு, நீலம் வெளியே. படத்துக்குப் பின்னால், பிய்த்தால் சர்ரென்று கேட்குமே அந்த ஒட்டுப்பட்டை. அந்தச் சத்தத்துக்காகவே அவன் நாளுக்கு இருபது தடவை எங்களை வெளியே அனுப்புவான். ஒரு நாள் அப்பா பஸ்ஸை டிப்போவில் விட்டு வந்து படத்தை மாற்ற மறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அப்பா இன்னும் வரலை என்று அவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்து அவரிடமே சொல்கிறான். மனுஷர் எச்சில் கையோடு எழுந்துபோய் வாசலுக்கு வெளியே நின்று மறுபடி உள்ளே வந்த பிறகுதான் சாப்பிட விட்டான்.

அதில் நானாகச் செய்த ஒரே காரியம், உன் படத்தையும் ஒட்டியது. வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்தாயே எட்டுப் படம், அதில் மிச்சமிருந்த ஒன்று. வீட்டில் எல்லார் படமும் என்றுதானே டீச்சர் சொன்னார், நீ வீட்டாள் இல்லையா. நீலப் பக்கத்தில் ஒட்டி, இது அக்கா, வேலைக்குப் போயிருக்கா என்றேன். வந்தது வினை. தினமும் சாயங்காலம் அப்பாவை மாற்றுவான், என்னை மாற்றுவான், பிறகு உன் படத்துக்குக் கீழே நின்று வாசலைப் பார்ப்பான். அக்கா எப்போ வருவா என்பான். நாளைக்கு என்றேன் இரண்டு நாள், மூன்றாம் நாள் பொய் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் அவனுக்கு முதல் ஒத்திகை, பள்ளியில் அரை மணி நேரம் இருக்க வேண்டும். கண்ணா, உன் படத்தை நீலத்துக்கு மாத்து என்றேன். படத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடிவிட்டான். நீலத்துக்குப் போனா வர மாட்டாங்க என்று அங்கிருந்து அழுகிறான். அன்று ஒத்திகைக்கு அவனைக் கூட்டிப்போகவே முடியவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. டீச்சர் உன் படத்தை எடுத்துவிடச் சொன்னார், குழந்தை குழம்புகிறது என்றார். மேல்வீட்டு நர்ஸ் அழ விடுங்கள், மூன்று நாளில் சரியாகும் என்கிறாள். எங்கள் கடை முதலாளியம்மா ஒரு வருஷம் தள்ளிப்போடு என்கிறாள், அவளுக்கென்ன, கடைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் கொக்கி டப்பாவைக் கவிழ்ப்பவன் என் பிள்ளைதானே. உன் படத்தை எடுப்போம் என்று கை வைப்பேன், மனசு வராது. ஒரு நாள் நான் பார்க்காதபோது அப்பா எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், இவன் கதவிடுக்கு, தலையணை உறை, அரிசி டின் என்று தேடாத இடமில்லை, கடைசியில் அவரே திரும்ப ஒட்டினார். ஒட்டும்போது சமாதானமாக, பயப்படாதேடா, நீலத்துல அக்கா ஜம்முனு இருக்கா, நீயும் போனா அக்கா பக்கத்துல இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை.

மறுநாள் காலையில் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தன் படத்தை நீலத்தில் உன் படத்தோடு இடிக்கிற மாதிரி ஒட்டிவிட்டு, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பள்ளியில் அரை மணி இருந்துவிட்டு வந்தான், டீச்சர் இத்தனை சீக்கிரம் எந்தக் குழந்தையும் பழகியதில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். நேற்று அவன் பையைத் துவைக்க எடுத்தால் உள்ளே அவனுடைய சிவப்புக் கார், பாதி பிஸ்கட், என்னுடைய சீப்பு. இதெல்லாம் என்னடா என்றேன். அக்காவுக்கு என்றான். அன்னைக்கு ஸ்கூல்ல அக்கா தூங்கிட்டு இருந்தா, உள் ரூம் கதவு சாத்தி இருந்துச்சு, திங்கட்கிழமை எழுப்பணும் என்றான்.

இப்போது புரிகிறதா. வெளியே என்றால் அவனுக்கு ஒரே இடம், அந்த நீலத் துணி அளவுதான். பள்ளியும் நீ இருக்கும் இடமும் ஒன்று என்று நினைத்துத்தான் பிள்ளை இவ்வளவு உற்சாகமாகக் கிளம்புகிறது. உண்மையைச் சொன்னால் பழையபடி கட்டிலுக்கடியில் போவான், சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கதவைத் திறந்து பார்த்து நீ இல்லை என்று தெரிந்துகொள்வான், அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அப்பா விடு பார்த்துக்கலாம் என்கிறார், எதைப் பார்ப்பது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பிள்ளை வளர்த்தவள், எனக்கும் தெரியவில்லை.

அதற்காக உன்னை வா என்று நான் கேட்கவில்லை. உனக்கு லீவு, டிக்கெட், மனசு எல்லாம் கூடி வர வேண்டும், அது உன் பாடு. ஒரே ஒரு தடவை போன் பண்ணி அவனிடம் கொடு என்று சொல். நீ அந்தப் பள்ளியில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறாய் என்று உன் வாயாலேயே சொல். நான் சொன்னால் இன்னொரு பொய்யாகத்தான் அவனுக்குப் படும். படத்தை எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுகிறேன், ஆனால் அதையும் நீ அவனிடமே சொல்லிவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குனிந்தே வேலை பார்க்காதே. உன் அறை ஜன்னலின் நீள அகலம் அனுப்பு, வெயில் தாங்கும் துணியாகப் பார்த்துத் தைத்து அனுப்புகிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் அதுவே. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் கிளம்பிவிடுவான், உன் ஊரில் அப்போது என்ன மணி என்று எனக்குக் கணக்குப் போட வரவில்லை, நீயே போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா