பச்சை பூசிய சரிவு

அன்புத் தோழி,

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கில் கறுப்புப் பெயின்ட் வாசனை போகவில்லை. இந்தக் காகிதத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பென்சன் எடுத்த சித்திர டீச்சருக்கு இந்த வயதில் பெயின்ட் எதற்கு என்று நீ சிரிப்பாய். சொல்கிறேன். ஆனால் எல்லாம் உன் அமெரிக்கப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது.

ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸில் முதலில் ஏறிவிடும் நீ, பக்கத்து சீட்டில் எனக்காகக் குடையை வைத்திருப்பாய். யாராவது உட்கார வந்தால், நான் ஸ்டாண்டுக்கே வந்து சேராத நாளிலும், "இங்க ஆள் இருக்கு" என்பாய். ஒருநாள் குடையோடு ஒரு தடித்த பழைய புத்தகமும் இருந்தது. கண்டி நடைபாதைக் கடையில் வாங்கினாயாம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஒரு இரும்பாலை நகரத்தைத் திருத்திக் கட்ட அந்த ஊர் முதலாளிமார் கூடி வரைவித்த திட்டம் அது.

நான் மயங்கிப்போனேன். அகலமான வீதிகள், நடுவில் கோபுர மண்டபம், ஆற்றோரம் முழுக்க மரம். நிறம் பூசியிருந்த விதத்தைப் பார்த்தே எனக்குக் கை துறுதுறுத்தது. சமூகக்கல்வி டீச்சரான உனக்கோ முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை.

"ஆலை இருக்கு, புகையக் காணோம். ஊதி அணைச்சிட்டாங்களா?" என்றாய். பிறகு ஆற்றோரப் பச்சையில் விரலை வைத்தாய். சில பக்கம் முன்னால் அதே ஆற்றோரத்தின் புகைப்படம் இருந்தது. பலகை வீடுகள், வீட்டுக்கு வீடு கொடியில் துணி. "துணி காயுது பாரு. அப்படின்னா அங்க ஆள் இருக்கு. இந்தப் பச்சைக்குள்ள அவங்க எங்க?"

"பூங்கா நல்லதுதானே? எல்லாத்துலயும் குத்தம் தேடாத."

"நல்லதுதான். யாருக்குன்னு கேக்குறேன்."

அந்த மக்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் புத்தகம் முழுக்கத் தேடியும் ஒரு வரி இல்லை. நீ ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாய். மேலே துரை பங்களா, கீழே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடும்பங்களின் லயங்கள். "நம்மளையும் ஒருத்தன் இப்படி உக்காந்து கோடு போட்டுத்தான் வச்சிருக்கான்" என்றாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. அழகான ஒன்றைப் பார்க்கவிடாமல் செய்கிறாளே என்று.

இப்போது அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. போன மாதம் உன் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில், சின்னப் பிள்ளைகள் தூங்கும் இடத்துச் சுவரில், புது வீட்டுத் திட்டப் படத்தை ஒட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீயும் கேக்கும் கொடுத்தார்கள். கேக்கைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. தனித்தனி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிலம், நல்ல ரோடு. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள சரிவில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு. பூங்கா என்று எழுதியிருந்தது.

அந்தச் சரிவில்தானே நீ படுத்திருக்கிறாய்.

உனக்குத் தெரியும், நம் ஆட்கள் புதைத்த இடத்தில் கல் வைப்பதில்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கம்பை நடுவார்கள். அது வேர்பிடித்து வளர்ந்துவிடும். சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது.

திட்டத்தை விளக்க அதிகாரி வரும் கூட்டத்தில் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். கூட்டத்துக்கு முதல் நாள் உன் மகள் செல்வி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "டீச்சரம்மா, கேள்வி கேட்டுக் கெடுத்துறாதீங்க. இந்தத் தடவையும் வீடு போச்சுன்னா எம் புள்ளைங்களும் இந்த ஒழுகுற லயத்துக் காம்பராவுலதான் வளரணும். அம்மா இருந்தா வீட்டத்தான் கேட்டிருப்பாங்க." டிக்கோயாவில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு சந்தேகப்படுவது சுலபம். நீ எதைக் கேட்டிருப்பாய்? உன்னிடம் கேட்க முடியவில்லையே என்று அன்றைக்கு அழுதேன்.

ஆனாலும் கேட்டேன். "அந்தப் பச்சை இடத்துல இப்ப என்ன இருக்குன்னு தெரியுமா சேர்?"

அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க ஏற்கெனவே நல்ல பூந்தோட்டம் ஒண்டு இருக்குதானே மிஸ். அத அழிக்க வேணாம் எண்டுதான் பார்க் போட்டோம்."

நடிக்கிறாரா, நிஜமாகவே தெரியாதா என்று அவர் முகத்தையே பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. அப்போது பின் வரிசையில் இருந்து செல்வி எழுந்தாள்.

"அது பூந்தோட்டம் இல்ல சேர். எங்கம்மா அங்க இருக்காங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்க அப்பா, எங்க தங்கச்சி, எம் புள்ள என்று. அதிகாரி பேனாவை மூடினார். தெரியாமல் நடந்துவிட்டது, படத்தை மாற்றுகிறோம், வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். செல்வி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

நான் இன்னும் நம்பவில்லை. பழைய படம்தான் சுவரில் தொங்குகிறது, பச்சை பச்சையாகவே இருக்கிறது. ஆனால் திரும்பிப் போகும்போது ரோட்டிலிருந்து அந்தச் சரிவைப் பார்த்தேன். பூந்தோட்டம் மாதிரித்தான் இருந்தது. தெரியாதவன் வேறு எப்படி நினைப்பான்?

அதனால் இன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குரோட்டன்களின் அடியில் நட்டுவைக்கத் தகரத் துண்டுகளோடு சரிவுக்கு வந்தார்கள். எழுதும் வேலை எனக்கு. பெயர்களை எழுதி எழுதித்தான் இந்த வாசனை. உன் சந்தேகம்தான் எனக்கென்று நீ விட்டுப்போனது. வைத்திருக்க அவ்வளவு சுகமான பொருள் இல்லை. இருந்தாலும் புதுப் படம் வரும்வரை கீழே வைக்கமாட்டேன்.

உன் தகரத்தைக் கடைசியாக எடுத்தேன். பெயரை எழுதி முடித்ததும், "கீழ எடம் இருக்கு, இன்னும் ஏதாவது எழுதுங்க டீச்சரம்மா" என்றாள் செல்வி. தூரிகையை இன்னொரு தடவை தோய்த்தேன். பஸ்ஸில் குடையை வைத்துக்கொண்டு நீ சொல்வதை அப்படியே எழுதினேன்.

இங்க ஆள் இருக்கு.